கீழப்பாவூரில் யாருக்கும் கவலை இல்லை

“உங்க ஏரியாவுல ஒருத்தருக்குக்கூடக் கவலையே கிடையாதா?” என்று பேராசிரியர் கேட்டபோது நான் தென்காசிப் பேருந்து நிலையத்தில் கீழப்பாவூர் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன். ஆனி மாதச் சாரல் அப்போதுதான் பிடித்திருந்தது. குடைக் கம்பைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு கைபேசியை மறு காதில் வைத்திருந்தேன். வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். மறுமுனையில் சிரிப்பு இல்லை.

“நீங்க அனுப்பின தாள் எல்லாத்தையும் பார்த்துட்டேன் மேடம். தூக்கம் வருதா, வருது. பசிக்குதா, பசிக்குது. மனசு பாரமா இருக்கா, இல்லவே இல்லை. எல்லாரும் ஒரே பதில். ஒரு அடித்தல் கிடையாது, ஒரு திருத்தல் கிடையாது. இவ்வளவு சுத்தமான கள ஆய்வை நான் பார்த்ததே இல்லை.”

கடைசி வாக்கியம் பாராட்டு அல்ல என்பது புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. நான் ஊருக்கே போகாமல், வீட்டு மேசையில் உட்கார்ந்து எல்லாத் தாள்களையும் நானே நிரப்பிவிட்டேன் என்று அவர் நினைக்கிறார். அடுத்த மாதம் ஆய்வுக் குழு கூடுகிறது என்றார். அதற்குள் விளக்கம் வராவிட்டால் தென்காசிப் பகுதியை ஆய்விலிருந்து எடுத்துவிடுவார்கள் என்றார். கீழப்பாவூர் பேருந்து வந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. நான் ஏறவில்லை.

அந்த வேலை எனக்கு எப்படி வந்தது என்பதைச் சொன்னால்தான் அன்றைய நிலைமை தெரியும். பல ஆண்டுகள் ஒரு தனியார் கல்லூரியில் உளவியல் பாடம் எடுத்தேன். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும், ஜூனில் மறுபடி கூப்பிடுவார்களா என்று காத்திருக்கும் வேலை. நாற்பத்தாறாவது வயதில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வு அறிவிப்பைப் பார்த்தேன். அனுபவம் உள்ளவர்களுக்கு வயது வரம்பில் தளர்வு உண்டு என்றிருந்த வரியைப் பலமுறை படித்த பிறகுதான் விண்ணப்பித்தேன். நேர்முகத்தில் என்னைத் தேர்ந்தெடுத்தவர் இதே பேராசிரியர் அம்மாதான்.

ஆய்வின் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மனம் சோர்ந்தால் சர்க்கரை கூடுகிறதா? சர்க்கரை அடங்காததால் மனம் சோர்கிறதா? இரண்டையும் ஒரே கூரையின் கீழ் பார்த்தால் இரண்டும் தணியுமா? முதல் கட்டத்தில் ஊர் மக்களின் உடலையும் மனத்தையும் அளக்க வேண்டும். தேவை இருப்பது தெரிந்தால் இரண்டாம் கட்டத்தில் சர்க்கரை மருத்துவரும் மனநல மருத்துவரும் கீழப்பாவூர் சமுதாயக் கூடத்துக்கே வந்து உட்காருவார்கள். தேவை இல்லை என்றால் யாரும் வரமாட்டார்கள். என் வேலையும் அத்துடன் முடியும்.

சிக்கல் என்னவென்றால், உடல் வேறு பேசியது. எங்கள் செவிலியர் எடுத்த மூன்று மாதச் சர்க்கரை அளவுகள் பலருக்கு ஏகத்துக்கும் ஏறியிருந்தன. இரத்த அழுத்தமும் அப்படித்தான். ஆனால் அதே ஆட்கள் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, “படுத்தா விடியதுதான் தெரியும் டீச்சர்” என்றார்கள். நான் டீச்சர் இல்லை என்று பலமுறை சொல்லியிருந்தேன். தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பவளை வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். அவர் செய்தித்தாளை மடிக்காமலே, “ஒங்கிட்ட யாரு கவலையச் சொல்லுவா? சொல்லி முடிக்கதுக்குள்ள நீ அத ஒரு கட்டம் போட்டு எழுதிருவியே” என்றார். கோபம் வந்தது. ஆனாலும் சாப்பிட்டு முடித்த பிறகு நான் செய்தது அதுதான்: நாட்குறிப்பில் ஒரு கோடு கிழித்து, ஒரு பக்கம் எனக்குத் தெரிந்ததையும் மறுபக்கம் தெரியாததையும் எழுதினேன். தெரிந்த பக்கத்தில், நான் பொய்யாக எதையும் நிரப்பவில்லை என்ற ஒன்றுதான் இருந்தது.

அந்த வாரம்தான் சமுதாயக் கூடத்தில் பாதப் பரிசோதனை தொடங்கியது. சர்க்கரை நோய் முற்றினால் பாதத்தில் உணர்ச்சி குறையும். அதைக் கண்டுபிடிக்க ஒரு சின்னக் கருவி உண்டு. பேனா போன்ற பிடியின் நுனியில் விறைப்பான நைலான் இழை இருக்கும். ஆளைக் கண்ணை மூடச் சொல்லி, இழையை உள்ளங்காலில் ஒவ்வோர் இடமாக அழுத்த வேண்டும். தெரிந்தால் ஆமா என்று சொல்வார்கள். செவிலியருக்கு இரத்தம் எடுக்கும் வேலை நெருக்கியதால் பாதங்களை நான் பார்த்தேன்.

முதலில் வந்தவர் ஏட்டம்மா. அவர் கணவர் போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அதனால் தெருவில் எல்லோருக்கும் அவர் ஏட்டையா, இவர் ஏட்டம்மா. ஒரே மகன் ராணுவத்தில், வடக்கே எங்கோ இருந்தான். ஏட்டம்மாவுக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். குழாயடியானாலும் ரேஷன் கடையானாலும் அவர் சொன்னால்தான் வரிசை நகரும். நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர், கேட்காமலே இரண்டு கால்களையும் ஸ்டூலில் தூக்கி வைத்தார்.

“கண்ண மூடிக்கோங்கக்கா. உள்ளங்கால்ல நான் தொடுறது தெரிஞ்சா ஆமான்னு சொல்லணும்.”

“ஆமா.”

“இன்னும் ஆரம்பிக்கலக்கா.”

“அப்ப ஆரம்பிங்க. கண்ண மூடிக்கிட்டு எம்புட்டு நேரம் இருக்க?”

பெருவிரலில் தொட்டேன். ஆமா. சுண்டுவிரலுக்குக் கீழே. ஆமா. குதிகால். ஆமா. இடையிடையே தொடாமலும் கேட்க வேண்டும் என்று பயிற்சித் தாளில் இருந்தது. எதையும் விடாமல் செய்வது என் வழக்கம். இழையைக் காலிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு, “இப்போ?” என்றேன்.

“ஆமா.”

கருவியை மேசையில் வைத்தேன். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டேன்.

“இப்போ?”

“நல்லா தெரியுது டீச்சர். ஜம்முன்னு தெரியுது.”

பெஞ்சில் காத்திருந்த பெண்களில் ஒருத்திக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. “ஏ ஏட்டம்மா! டீச்சர் கைய மடியில வச்சிருக்காவ!” என்று கத்தினாள்.

ஏட்டம்மா கண்ணைத் திறந்தார். வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் மேல்தான் பாய்ந்தார். “தொடாமலே தொட்ட மாதிரி கேட்டா? படிச்சவிய இப்பிடியா ஏமாத்துவிய?”

“தெரியலன்னா தெரியலன்னு சொல்லியிருக்கலாமேக்கா.”

“சொன்னா ஒங்களுக்கு மார்க்கு குறையும்லா?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன மார்க் என்று கேட்டேன். பெஞ்சிலிருந்து எல்லோரும் சேர்ந்து பதில் சொன்னார்கள்.

“நீங்கதான சொன்னிய, இந்தத் தாளெல்லாம் யுனிவர்சிட்டிக்குப் போவும், அங்கன ஸ்கோர் போடுவாவன்னு?”

“ஒங்க வேல டெம்பரவரிதானாம்லா. நர்சு சொன்னாவ.”

“பள்ளிக்கூடத்துல இன்ஸ்பெக்‌ஷன் வந்தா டீச்சர யாராவது காட்டிக் குடுப்பமா? தெரியாத கேள்விக்கும் கையத் தூக்கிருவோம்லா.”

“ஏட்டம்மாதான் கொழாயடியில சொன்னாவ, உள்ள போறவ அத்தன பேரும் நல்லாருக்கேன்னு சொல்லுங்கட்டி, பாவம் தென்காசியில இருந்து பஸ்சேறி வருதான்னு.”

ஓரத்தில் இருந்த ஒரு பெண் மட்டும் சிரிக்காமல் சொன்னாள்: “எங்கம்ம செத்ததுல இருந்து எனக்கு ஒரு பொட்டுத் தூக்கம் கெடையாது டீச்சர். ஒங்களுக்காவத்தான் நல்லா தூங்குதேன்னு சொல்லிட்டுப் போனேன்.”

அப்போது கூடத்தில் சிரிப்பு நின்றது. நான் ஏட்டம்மாவின் காலை மறுபடி கையில் எடுத்தேன். இந்த முறை உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டு சோதித்தேன். வலது பாதத்தின் முன்பகுதியில் அவருக்கு எதுவுமே தெரியவில்லை. காலை நன்றாகத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தபோது சுண்டுவிரலின் அடியில் கறுத்த ஒரு புண் இருந்தது. வாசலில் கிடந்த அவருடைய செருப்பை எடுத்துவரச் சொன்னேன். உள்ளே ஓர் ஆணி மேலே துருத்திக்கொண்டிருந்தது. அதை மிதித்துக்கொண்டே அவர் குழாயடிக்கும் கடைக்கும் நடந்திருக்கிறார்.

“இது எப்பம் வந்தது?” என்று தன் காலையே வேறு யாருடைய காலையோ போலப் பார்த்தார். செவிலியர் புண்ணைக் கழுவிக் கட்டினார். அன்றே ஏட்டையா ஸ்கூட்டரில் அவரைத் தென்காசிக்கு மருத்துவரிடம் கூட்டிப்போனார். நல்ல வேளை, ஆழமாக இறங்கவில்லை. நாள் தள்ளியிருந்தால் விரலை எடுக்க வேண்டி வந்திருக்கும் என்று மருத்துவர் சொன்னாராம்.

அன்று மாலை நான் பேராசிரியரைக் கூப்பிட்டு நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். “அப்போ இத்தனை நாளா உங்களுக்கு அவங்க பாஸ் மார்க் போட்டுட்டு இருந்திருக்காங்க” என்றார். என் மேலிருந்த சந்தேகம் அந்தச் சிரிப்பில் பாதி போனது தெரிந்தது. மீதிப் பாதியை அவர் கேள்வியாக வைத்தார். “சரி, இது கதை. இதைக் கமிட்டி முன்னால எப்படி வைக்கிறது? உண்மையான பதில் எங்கே?”

உண்மையைச் சொன்னால்தான் டாக்டர்கள் வருவார்கள், எல்லோரும் நலம் என்றால் இந்த இடத்தை மூடிவிடுவார்கள் என்று மறுநாள் கூடத்தில் விளக்கினேன். காலில் கட்டுடன் வந்திருந்த ஏட்டம்மா உடனே திரும்பி, “கேட்டியளாட்டி? இனும எல்லாரும் கவலன்னு சொல்லிருங்க. டாக்டர் வரணும்லா” என்றார். “அழணும்னாலும் அழுதுருதோம்” என்றாள் இன்னொருத்தி.

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அவர்கள் எப்படிச் சொன்னாலும் எனக்காகத்தான் சொல்கிறார்கள். நான் எதிரே உட்கார்ந்திருக்கும் வரை என் முகத்தைப் பார்த்துத்தான் பதில் வரும். பல ஆண்டுகள் வகுப்பில் நேர்காணல் முறைகளைப் பாடமாக எடுத்திருக்கிறேன். முகதாட்சண்யத்தை அதில் எங்கே வைப்பது என்று எந்தப் பாடத்திலும் இல்லை.

ஆடி பிறந்ததும் அந்தத் தெருப் பெண்கள் வேன் பிடித்துக் குற்றாலத்துக்குக் கிளம்பினார்கள். என்னையும் கட்டாயம் வரச் சொன்னார்கள். மார்க் விஷயத்தில் எனக்கு மனவருத்தம் என்று நினைத்துச் சமாதானம் செய்ய விரும்பினார்கள் போல. விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். தண்ணீர் ஏராளமாக விழுந்தது. பெண்கள் குளிக்கும் பக்கத்தில் ஒரு பெண் போலீஸ் விசில் ஊதி ஊதி ஆட்களை நகர்த்திக்கொண்டிருந்தார். தலையில் தேய்த்த எண்ணெயோடு உள்ளே போய், நெற்றியில் அறைவதுபோல விழுந்த தண்ணீரில் நின்று, மூச்சு முட்டி வெளியே வந்தேன். சில நிமிடங்களுக்கு ஆய்வுக் குழுவும் இல்லை, பேராசிரியரும் இல்லை.

ஏட்டம்மா குளிக்கவில்லை. காலுக்கு மேல் பாலிதீன் உறையைக் கட்டிக்கொண்டு, எல்லோருடைய பைகளையும் மாற்றுத்துணிகளையும் சுற்றிலும் குவித்துக் காவல் உட்கார்ந்திருந்தார். குளித்து வந்தவர்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்து தலை துவட்டினோம். சூடாக மிளகாய் பஜ்ஜி வந்தது. யாரோ உள்ளாட்சித் தேர்தல் பேச்சை எடுத்தார்கள். ஏட்டம்மாவின் பிறந்த ஊர் கடையத்துப் பக்கம் ஒரு கிராமம். அங்கே அவருடைய தங்கச்சி தேர்தலில் நின்றிருக்கிறாள். இங்கே அவருடைய தெருவைச் சேர்ந்த பெண் ஒருத்தியும், ஏட்டையாவின் தம்பி மனைவியும் வார்டுக்கு எதிரெதிராக நின்றிருக்கிறார்கள்.

“நெசத்தச் சொல்லுங்க ஏட்டம்மா, அன்னைக்கு யாருக்குப் போட்டிய? ஓரகத்திக்கா, தெருக்காரிக்கா?”

“அது எனக்கும் பொட்டிக்கும் உள்ளது.”

“ஏட்டையாகிட்டயாவது சொன்னியளா?”

“சர்வீஸ் பூராவும் களவாணிப் பயக்கள விசாரிச்ச மனுசன். எங்கிட்டயும் விசாரணைதான் போட்டாவ. காப்பி போட்டுக் குடுத்துக்கூடக் கேட்டுப் பாத்தாவ. ம்ஹூம்.”

எல்லோரும் சிரித்தார்கள். ஒரு சின்னப் பெண், கல்யாணமாகி ஒரு வருடம் ஆகியிருக்கும், “எங்க மாமியா கேட்டா, அவிய ஆளுக்குத்தான் போட்டேன்னு சொல்லிருவேன். ஆனா அந்த அட்டைக்குப் பொறத்தால குனிஞ்சுட்டா அப்புறம் நான் யாருக்கும் மருமவ கெடையாது” என்றாள்.

என் கையில் பஜ்ஜி ஆறிப்போயிருந்தது. குழாயடியில் ஒரே குரலில் பேச முடிவெடுத்து, கண்ணை மூடிக்கொண்டு எனக்காகப் பொய் சொன்ன அதே பெண்கள்தான் இவர்கள். கணவர் காப்பி போட்டுக் கொடுத்துக் கேட்டும் சொல்லாத ஒன்றும் இவர்களிடம் இருக்கிறது. அதை வெளியே கொண்டுவந்தது ஓர் அட்டையும் ஒரு பெட்டியும். அங்கே எதிரே யாரும் உட்காருவதில்லை. குனிவதும் குத்துவதும் அவரவர் வேலை.

ஈரத் தலையோடு வேனில் திரும்பும்போதே திட்டம் என் மனதில் வரிசையாகிவிட்டது. கேள்வித் தாளில் எழுத்து இருக்காது. ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு பானைப் படங்கள்: காலிப் பானை, கால் பானை, அரைப் பானை, நிறைந்த பானை. கேள்விகள் காதில் மாட்டும் கருவியில் குரலாக வரும். கவலை எவ்வளவோ அந்தப் பானையில் முத்திரை குத்தலாம். மடித்துப் பெட்டியில் போடலாம். தாளில் பெயர் கிடையாது, அவரவர் இரத்தச் சோதனைச் சீட்டில் உள்ள எண் மட்டும். பெட்டி சீல் வைத்துப் பல்கலைக்கழகத்துக்குப் போகும். நான் திறக்கவே மாட்டேன். குரலும் என்னுடையதாக இருக்கக் கூடாது. என் குரலும் என் முகம்தான்.

பேராசிரியர் முழுவதும் கேட்டார். அவருக்குப் பிடித்திருந்தது, ஆனால் சரியான இடத்தில் மடக்கினார். “உயிரோட இருக்கவே பிடிக்கலையான்னு ஒரு கேள்வி இருக்கு. அதுல ஒருத்தர் நிறைஞ்ச பானையில குத்திட்டுப் பேசாம வீட்டுக்குப் போயிட்டா? சீல் வச்ச பெட்டி இங்க வந்து சேர்ற வரைக்கும் நாம சும்மா இருக்க முடியுமா?”

அதற்குப் பதில் சொல்ல எனக்கு இரண்டு நாட்கள் தேவைப்பட்டன. அந்தக் கேள்விக்கு மட்டும் தனித் தாள். அதைக் கையோடு கொண்டுபோய் மனநல மருத்துவரின் மேசையில் உள்ள தனிப் பெட்டியில் போட வேண்டும், அவர் உடனே பார்ப்பார். மருத்துவர் அன்று பக்கத்து அறையில் இருப்பார். முத்திரை குத்திய ஒவ்வொருவரும், ஒருவர் விடாமல், அவரிடம் இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டுதான் வெளியே போக வேண்டும். எல்லோரும் உள்ளே போவதால் யார் எதற்காகப் போனார் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. பேராசிரியர் அதை நெறிமுறைக் குழுவில் வைத்து ஒப்புதல் வாங்கினார். கேள்விகளைப் பதிவு செய்யத் தன் குரலையே கொடுத்தார். ஆய்வுக் குழுக் கூட்டத்தையும் தள்ளி வைத்தார். அந்தக் கடைசி உதவிக்கு நான் அவருக்கு என்றும் கடமைப்பட்டவள்.

முத்திரை குத்தும் நாளில் கூடத்துக்குப் போனபோது வாசலில் ஏட்டையா நின்றுகொண்டிருந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை, பளபளக்கும் ஷூ. நான் அவரைக் கூப்பிடவே இல்லை.

“பூத்துன்னா பந்தோபஸ்து வேணும்லா டீச்சர்” என்றார்.

அட்டைத் தடுப்பை மூலையில் வைத்தோம். குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டையை ஒரு கடைக்காரர் கொடுத்திருந்தார். நான் கூடத்தின் மறுகோடியில், பெட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். என் காதில் விழுந்தது பேச்சு மட்டும்.

“ஏட்டி, ஆளுக்கு ஒருத்தரா போங்க. எட்டிப் பாக்கப்பிடாது!”

“ஏட்டையா, உள்ள ஒரு பொம்பள ரேடியோக்காரி மாதிரி பேசுதா, யாரு அது?”

“அது யுனிவர்சிட்டி மேடம். வாய மூடிக்கிட்டு குத்து.”

“மை வைக்கலியா? மை வைக்காம என்ன ஓட்டு?”

செவிலியர் சிரித்துக்கொண்டே பேனா மையால் விரலில் ஒரு புள்ளி வைத்தார். அதன் பிறகு வந்த எல்லோரும் கேட்காமலே விரலை நீட்டினார்கள்.

ஏட்டம்மா உள்ளே போய் வந்தார். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். எந்தப் பானையில் குத்தினார் என்று நான் கேட்கவில்லை. வரிசை முழுவதும் முடிந்த பிறகு, கடைசியாக ஏட்டையா தன் காவலைச் செவிலியரிடம் ஒப்படைத்துவிட்டு உள்ளே போனார். அவருக்கும் சர்க்கரை உண்டு. நான் திரும்பிப் பார்த்தபோது ஷூக்கள் மட்டும் அட்டைக்குக் கீழே தெரிந்தன. நேரம் போய்க்கொண்டே இருந்தது. கேள்விகளை அவர் திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்பது, காலியான கூடத்தில் கேட்ட கருவியின் பொத்தான் ஒலியில் தெரிந்தது. ஏட்டம்மா அந்த ஷூக்களையே பார்த்துக்கொண்டிருந்தார். “வீட்டுல எதையும் வாயத் தொறந்து சொல்லமாட்டாவ” என்று மெல்லச் சொன்னார். ஏட்டையா வெளியே வந்து, பக்கத்து அறையில் மருத்துவரிடம் இரத்த அழுத்தம் பார்க்கப் போனார். அங்கேயும் நேரமானது.

பெட்டியோடு நானும் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். குழு முன்னால் சீலை உடைத்தார்கள். ஒவ்வொரு தாளாக விரித்தபோது, எட்டி நின்று பார்த்த எனக்கே தெரிந்தது: இதற்கு முன் நான் அனுப்பிய தாள்கள் எதுவும் இப்படி இருந்ததில்லை. காலிப் பானைகள் இருந்தன, அரைப் பானைகள் இருந்தன, நிறைந்த பானைகளில் அழுத்திக் குத்தி மை தெறித்த முத்திரைகள் இருந்தன. ஒருவர் பானைக்கு மேலேயும் வழிவதுபோல நான்கைந்து முத்திரைகள் குத்தியிருந்தார். சிலர் உண்மையாகவே கவலையில்லாமல் இருந்தார்கள். அதுவும் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

பேராசிரியர் எண்களை மூன்று மாதச் சர்க்கரை அளவுகளோடு வரிசைப்படுத்தித் திரையில் போட்டார். எல்லோருக்கும் அல்ல, ஆனால் பலருக்கும் இரண்டும் சேர்ந்தே ஏறியிருந்தன. எது எதை ஏற்றியது என்று சொல்ல இன்னும் காலம் ஆகும் என்று கவனமாகச் சொன்னார். ஆனால் தேவை இருக்கிறதா என்ற கேள்விக்கு இனி விவாதம் இல்லை என்றார்.

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். “முதல் சுற்றுல இவங்க ஒரு எழுத்துகூட மாத்தி எழுதலை. மக்கள் சொன்னதை அப்படியே எழுதியிருக்காங்க. மக்கள் ஏன் அப்படிச் சொன்னாங்கன்னு கண்டுபிடிச்சதும் இவங்கதான். நான் இவங்களைச் சந்தேகப்பட்டேன். அது தப்பு. மினிட்ஸ்ல அப்படியே எழுதுங்க.”

தென்காசி தொடரும் என்று முடிவானது. மற்ற மாவட்டங்களிலும் இதே அட்டை, இதே பானை, இதே பெட்டி என்று முடிவானது. அதைச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பும், ஆய்வு முடியும்வரை பதவி நீட்டிப்பும் எனக்கு வந்தன. வெளியே வந்து கேன்டீனில் ஒரு காப்பி வாங்கினேன். குடித்து முடித்து இன்னொன்றும் வாங்கினேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஜூன் மாதத்தை நினைத்துக் கூடவே இருந்த பயம், இரண்டாவது காப்பியின்போது இல்லை. கணவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். “கட்டம் போட்டு எழுதிட்டியா?” என்றார்.

ஆனால் ஒரு பயம் மிச்சமிருந்தது. அட்டைக்குப் பின்னால் குனிவது வேறு. ஊர் பார்க்க மனநல மருத்துவர் இருக்கும் கூடத்துக்கு நடந்து வருவது வேறு. யாரும் வராவிட்டால் நிறைந்த பானைகள் நிறைந்த பானைகளாகவே இருந்துவிடும். அதனால் இரண்டு மருத்துவர்களுக்கும் ஒரே வாசல், ஒரே டோக்கன் என்று நான் வற்புறுத்தியிருந்தேன். முதல் நாள் காலை நாற்காலிகளை வரிசையாகப் போட்டுவிட்டு வாசலைப் பார்த்தபடி நின்றேன். தூறல். தெருவில் ஓர் ஆட்டுக்குட்டி மட்டும் நின்றது.

முதலில் ஏட்டம்மா வந்தார், புதுச் செருப்போடு. பின்னாலேயே ஏட்டையா. அவர்களுக்குப் பின்னால் குடைகள். தெருவின் திருப்பம்வரை குடைகள். ஆலங்குளத்திலிருந்து ஓர் ஆட்டோ நிறைய ஆட்கள்கூட வந்திருந்தார்கள், ஏட்டம்மாவின் சொந்தக்காரர்களாம்.

“ஏட்டம்மா, நீங்க சுகருக்கா, மத்ததுக்கா?” என்று வரிசையில் ஒருத்தி குறும்பாகக் கேட்டாள்.

“டோக்கன் ஒண்ணுதானட்டி? நான் எந்த டாக்டரப் பாக்கேன்னு ஒனக்கு என்னத்துக்கு? ஒம் பாட்டப் பாரு.”

அம்மாவை இழந்து தூக்கம் தொலைத்த அந்தப் பெண்ணும் வந்திருந்தாள். அவள் மனநல மருத்துவரின் அறையில் நெடுநேரம் இருந்தாள். வெளியே வந்து, யாரிடமும் பேசாமல், சர்க்கரை மருத்துவரின் வரிசையில் போய் நின்றுகொண்டாள். முகம் அழுது கழுவியதுபோல இருந்தது.

மதியச் சாப்பாட்டுக்கு மருத்துவர்கள் எழுந்திருக்கவில்லை. கூடத்தைப் பூட்டும் நேரம் ஆனபோதும் பெஞ்சில் ஆட்கள் இருந்தார்கள். மனநல மருத்துவர் கதவுக்கு வெளியே தலையை நீட்டி, “மாசத்துக்கு ரெண்டு நாள்னுதானே பேசினோம்? இது பத்தவே பத்தாது. வாராவாரம் வர்றேன். உங்களுக்கு எந்தக் கிழமை தோதுப்படும்?” என்றார்.

செவ்வாய்க்கிழமை என்றேன். அன்று இந்த ஊரில் கல்யாணத்துக்கு யாரும் கூடத்தைக் கேட்கமாட்டார்கள். வாசல் பலகையில் பழைய தேதிகளை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, பெரிய எழுத்தில் “ஒவ்வொரு செவ்வாயும்” என்று எழுதினேன்.